சிரம்பியடியில் ஒலிக்கும் ஆபிரிக்காவின் குரல்

இலங்கையில் எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்று எவரிடமாவது கேட்டுப்பாருங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று விரல்களை மடக்கியபின், சற்று யோசித்துப் பறங்கியரையும் மலாயரையும் சேர்த்துக்கொள்வார். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு அதற்கும் அப்பால் சென்று, எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களான இலங்கைச் செட்டிகளையும் பரதர்களையும்கூடத் தனித்தனியே பதிவு செய்தது. ஆனால் பல தலைமுறைகளாக இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே அடங்கிப்போன இன்னொரு மக்கள் கூட்டத்துக்கு அந்த அட்டவணையில் தனி நிரல் கிடையாது. ‘ஏனையோர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அவர்கள் மறைந்துபோகிறார்கள். ஆபிரிக்க வம்சாவளியினரான இலங்கைக் காப்பிரிகளையே இங்கு குறிப்பிடுகின்றேன்.

புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் உணவையும் மரபுரிமைச் சின்னங்களையும் இந்தச் சமூகத்தையும் அறிந்துகொள்ளும் நோக்குடன் நண்பர்கள் சிலர் ஒழுங்கு செய்த இரண்டு நாள் பண்பாட்டுச் சுற்றுலாவொன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. பதினெட்டுப் பேர் கொண்ட குழு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு வங்கி அதிகாரி, பல்கலைக்கழக மாணவர் மூவர், விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் என்று பலதரப்பட்டவர்கள். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் தேர்தல் செய்திகளுக்காகவும் இடம்பெயர்ந்தோர் முகாம்களைப் பார்ப்பதற்காகவும் பல தடவை அப்பாதையால் சென்றவன் நான். எனினும், அவசரமின்றி இறங்கி நின்று பார்த்தது இதுவே முதற்றடவை.

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் கரையோரப் பாதையே ஒரு வரலாற்று நூல் போன்றது. சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரம். அதற்கு அப்பால் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்புக்குப் பெயர்பெற்ற தமிழ்க் கிராமமான உடப்பு. பின்னர் தென்னந்தோட்டங்கள் குறைந்து, வெயிலில் வெள்ளை வெளேரென்று மின்னும் உப்பளங்கள். புத்தளம் என்றவுடன் நமக்கு உப்பும் கழுதையும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் உலகம் சுற்றிய ஒரு மனிதர் வந்திறங்கிய துறை இது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

மொரோக்கோ நாட்டவரான இபுனு பதூதா 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்டு இக்கரையை அடைந்தார். அவர் ‘பத்தாலா’ என்று குறிப்பிடும் பட்டினம் புத்தளமே என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அங்கு அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து மன்னரான ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக்கூடியவராக அம்மன்னர் இருந்தார் என்றும், தமக்கு முத்துக்களைக் காட்டினார் என்றும், பாவாதமலைக்குச் செல்ல உதவினார் என்றும் இபுனு பதூதா எழுதியுள்ளார். தமிழ் வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அதே பயணக் குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடல் அதிபதியிடம் ஏறக்குறைய 500 அபிசீனியர்கள், அதாவது இன்றைய எத்தியோப்பியப் பகுதியைச் சேர்ந்தவர்கள், படைவீரராக இருந்தனர் என்கிறார் அவர். போர்த்துக்கேயர் 1505 இல் இந்நாட்டுக்கு வருவதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு ஆபிரிக்கர் இருந்திருக்கிறார்கள். முதற்செய்தியை நாம் மனனம் செய்துகொண்டோம். இரண்டாவதைத் தாண்டிச் சென்றுவிட்டோம்.

புத்தளத்தில் எங்களுக்கு மதிய உணவு ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் ஏற்பாடாகியிருந்தது. விரிக்கப்பட்ட பாய்களில் ஆறாறு பேராக வட்டமிட்டு அமர, நடுவே ஒரு பெரிய சஹன் வைக்கப்பட்டது. ஒரே தட்டில் ஆறு கைகள். சோறு, இறைச்சிக்கறி, களப்பு இறால், கத்தரிக்காய், அன்னாசி அச்சாறு, இறுதியில் வட்டிலப்பம். குடும்பத்தின் மூத்தவர் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோரில் பெரும் பகுதியினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவர்களுள் ஒருவரான அந்தப் பெரியவர், அதே யாழ்ப்பாணத்துத் தமிழில் எங்களை “இன்னும் கொஞ்சம் போட்டுச் சாப்பிடுங்கோ தம்பி” என்று உபசரித்தபோது, குழுவில் இருந்த யாழ்ப்பாணத்தவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். யார் இந்த மண்ணுக்கு உரியவர், யார் வந்தவர் என்ற கேள்விக்குப் புத்தளத்தில் எளிதான பதில் கிடையாது.

அன்று மாலை தேநீருடன் குரக்கன் பிட்டும் அவித்த கௌபியும் வந்தன. குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவர் அவற்றைக் காட்டி, இவை எங்கிருந்து வந்தவை தெரியுமா என்று மாணவர்களைக் கேட்டார். குரக்கனின் பூர்வீகம் கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலம். கௌபியும் ஆபிரிக்காவுக்குரியதே. ‘இந்தியப் பேரீச்சை’ என்று அரபியர் பெயரிட்ட புளியே ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதுதான் தாவரவியலாளர் முடிபு. இவையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து தென்னாசியாவுக்கு வந்தவை. மன்னாரிலும் நெடுந்தீவிலும் யானைக்கால் போலப் பருத்து நிற்கும் பெருக்கமரத்தை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகக் கருதப்படும் அதுவும் ஆபிரிக்க மரமே. புளியில்லாமல் ஒரு குழம்பு உண்டா நமக்கு? மரத்தையும் தானியத்தையும் சொந்தமாக்கிக்கொண்டவர்கள், அதே திசையிலிருந்து வந்த மனிதரை மட்டும் ஏனோ அந்நியராகவே வைத்திருக்கின்றோம்.

மறுநாள் காலை கற்பிட்டிக் கோட்டைக்குச் சென்றோம். 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய இக்கோட்டை இன்று கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது. களப்பின் வாயைக் காவல் செய்து, கண்டி இராச்சியத்தின் கடல் வணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்திருப்பதே அதனைக் கட்டியதன் நோக்கம். இந்தக் கற்பிட்டியிலேதான் 1807 இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834 இல் ‘இலங்கைக் கசற்றியர்’ என்ற நூலையும், 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற நூலையும் வெளியிட்ட பேரறிஞர் அவர். இப்பகுதியின் மணியகாரராகவும் பணியாற்றியவர். அவர் புலவர்களின் பெயர்களைத் தேடித் தேடித் திரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், புத்தளத்துப் பாசறையில் ஆபிரிக்கப் படைவீரர்கள் காவலிருந்தனர். அவர்களுடைய பெயர்களையும் பிறந்த ஊர்களையும் அப்படித் தேடித் திரட்டுவதற்கு அவர்களிடையே ஒரு காசிச்செட்டி தோன்றவில்லை.

அந்தப் படைவீரர்கள் இங்கு வந்த கதையைச் சுருக்கமாகக் கூறவேண்டும். போர்த்துக்கேயர் தமது மொசாம்பிக், கோவாத் தளங்களின் வழியாக ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் போர்வீரராகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்ததுடன் போர்த்துக்கேயர் ஆட்சி இங்கு முடிவுக்கு வந்தது. ஆனால் அடிமைமுறை முடியவில்லை. கொழும்பில் ஒல்லாந்தர் தமது அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடத்துக்கு ஆங்கிலேயர் ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு என்று பெயரிட்டனர். தமிழில் நாம் கொம்பனித்தெரு என்று கூறும் இடம் அதுவே. 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாக இருந்த பிரெடரிக் நோர்த், கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆபிரிக்கர்களைப் பெற்றுத் தனியான காப்பிரிப் படைப்பிரிவொன்றை அமைத்தார். வெப்பத்தையும் காய்ச்சலையும் ஐரோப்பியச் சிப்பாய்கள் தாங்கவில்லை என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.

1803 இல் ஆங்கிலேயர் கண்டி மீது படையெடுத்துப் படுதோல்வியடைந்தபோது, இந்த ஆபிரிக்கர்கள் அந்தப் போரில் இருந்தனர். வேடிக்கை என்னவென்றால், கண்டி மன்னனின் பக்கத்திலும் காப்பிரி வீரர்கள் இருந்தனர். இன்னொருவனின் சிம்மாசனத்துக்காகவும் இன்னொருவனின் வணிகத்துக்காகவும் ஆபிரிக்கனுக்கு எதிரே ஆபிரிக்கன் நிறுத்தப்பட்டான். பின்னர் 1870 களின் தொடக்கத்தில் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டதுடன் அந்தப் படை வாழ்க்கையும் முடிந்துபோயிற்று. புத்தளத்தில் நிலைகொண்டிருந்தவர்கள் அங்கேயே குடியமர்ந்தனர். சிலர் உப்பளங்களில் காவலராயினர்; சிலர் அரசாங்கத்தில் சிற்றூழியம் பார்த்தனர். அவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள், திருப்பி அனுப்புவதற்கு ஒரு கப்பலைத் தேடவில்லை.

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் வழியில் உள்ள சிரம்பியடியில் இன்று ஏறக்குறைய ஐம்பது குடும்பங்கள் வாழ்கின்றன. நாங்கள் சென்றபோது ஒரு சிறிய முற்றத்தில் கதிரைகள் போடப்பட்டிருந்தன. பெரும்பாலோர் கத்தோலிக்கர், திருமண உறவுகளால் பௌத்தர்களும் முஸ்லிம்களும் குடும்பங்களுக்குள் இருக்கின்றனர். வீட்டு மொழி சிங்களம். முதியவர்கள் சிலருக்குத் தமிழும் வருகிறது.

வாகனத்தில் வரும்போதே குழுவுக்குள் ஒரு விவாதம் நடந்திருந்தது. காப்பிரி என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்பதே அது. ‘காபிர்’ என்ற அரபுச் சொல்லுக்கு இஸ்லாத்தை ஏற்காதவன் என்று பொருள். அரபு வணிகர்கள் ஆபிரிக்கக் கரையோர மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய அச்சொல்லைப் போர்த்துக்கேயர் கடன்வாங்கினர். தென்னாபிரிக்காவில் அது பின்னர் நிறவெறியின் மிகக் கொடிய வசைச்சொல்லாக மாறியது. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த இளைஞர் அச்சொல்லை உச்சரிக்கவே மறுத்தார். ஆனால் சிரம்பியடியில் எங்களை வரவேற்ற மூதாட்டி, நாங்கள் கேட்பதற்கு முன்னரே, தாம் காப்பிரி இனத்தவர் என்று கூறி, அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்றார். அவர்களுக்கு அது வசையல்ல. எஞ்சியிருக்கும் ஒரே முகவரி.

வசை வேறெங்கோ இருக்கிறது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் நமது குடும்பங்களில், பக்கத்து வீட்டுக் கறுப்பின மனிதரைப் பற்றிப் பேசும்போது ‘காப்பிலி’ என்றும் ‘கறுவல்’ என்றும் எவ்வளவு இயல்பாகச் சொற்கள் வந்து விழுகின்றன என்பதை வாசகர்கள் அறிவீர்கள். இனத்தின் பெயரால் துன்புற்று நாடு விட்டோடிய ஒரு சமூகம், இன்னொரு இனத்தை அதன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது முரண்பாடல்லவா? அந்த இளைஞர் தமது பெற்றோரின் முன்னிலையிலேயே இதனைக் கூறினார். பெற்றோர் மறுக்கவில்லை.

பின்னர் மஞ்சா தொடங்கியது. புத்தளத்துக் காப்பிரிகளின் பாடலுக்கும் ஆடலுக்கும் மஞ்சா என்று பெயர். றபான், டோலக், மண்டலின் ஆகியவற்றுடன், இரண்டு சிரட்டைகள், ஒரு கண்ணாடிப் போத்தல், அதைத் தட்டுவதற்கு ஒரு கரண்டி. இவ்வளவுதான் வாத்தியங்கள். மெதுவாக, ஏறத்தாழ ஒரு தாலாட்டுப் போலத் தொடங்கும் பாடல் சிறிது சிறிதாக வேகம் கொள்கிறது. ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. அமர்ந்திருந்த பெண்களின் தோள்கள் முதலில் அசைகின்றன. பின்னர் ஒருவர் எழுந்து ஆடுகிறார். இறுதியில் முற்றமே ஆடுகிறது. எங்கள் குழுவின் வங்கி அதிகாரியும் எழுந்து ஆடினார் என்பது தனிக்கதை.

இப்பாடல்களின் மொழி ஆபிரிக்க மொழியன்று. இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். வெவ்வேறு ஆபிரிக்க மொழிகளைப் பேசியவர்களை ஒரே பாசறையில் அடைத்தபோது, எசமானரின் மொழியின் உடைந்த வடிவமே அவர்களுக்குப் பொதுமொழியாயிற்று. தாய்மொழியை இழந்தவர்கள் பெற்ற அந்த இரண்டாவது மொழியும் இன்று அவர்களிடம் இல்லை. பாட்டிமார் பேசிய மொழி பேரப்பிள்ளைகளுக்குப் பாடலாக மட்டும் எஞ்சியுள்ளது. கடலைப் பற்றியும் காதலைப் பற்றியுமான பாடல்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டால் சிரிக்கிறார்கள். பொருள் தெரியாத ஒரு பாடலை ஒரு சிறுமி பிழையின்றி முழுமையாகப் பாடி முடித்ததைக் கேட்டபோது, எங்கள் கோவில்களில் பொருளறியாது தேவாரம் பாடும் புலம்பெயர்ந்த பிள்ளைகளே என் நினைவுக்கு வந்தனர்.

இந்த இசையின் தாக்கம் சிறிதன்று. இலங்கையின் கொண்டாட்டங்கள் எவற்றிலும் தவறாமல் ஒலிக்கும் பைலாவின் வேர்களுள் ஒன்று ‘கபரிஞ்ஞா’ என்ற தாள நடை. அப்பெயரிலேயே காப்பிரி இருக்கிறான். பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான்ஸ் கடந்த நூற்றாண்டில் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பைலாவை நாடெங்கும் பரப்பினார். இன்று கிரிக்கெட் மைதானத்தில் பப்பரே வாத்தியத்துக்கு ஆடும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தாளம் எந்தக் கப்பலில் வந்தது என்று தெரியும்? நமது மொழியிலும் இதே கதைதான். பாண், விஸ்கோத்து, கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, துவாய், லேஞ்சி, கழிசான் என்று நாள் முழுவதும் போர்த்துக்கேயம் பேசிக்கொண்டே நாம் தூய தமிழ் பற்றி விவாதிக்கின்றோம்.

அடிமை வரலாறு என்பது ஆபிரிக்கருக்கு மட்டும் நேர்ந்த ஒன்றென்று எண்ணி ஒதுங்கிக்கொள்ளவும் நமக்கு இடமில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி போரினாலும் பஞ்சத்தினாலும் அழிந்தபோது, ஒல்லாந்தக் கம்பனி ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாக வாங்கியது. அவர்களுள் பலர் இலங்கைக்கே கொண்டுவரப்பட்டனர். சோழமண்டலக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அடிமைகள் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதாவது, ஆபிரிக்கரை இங்கு கொண்டுவந்த அதே வணிகம் நம்மவரை ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றது. இன்னொரு பக்கமும் உண்டு. 1707 இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. குறிப்பிட்ட சில சாதியினரைப் பிறப்பால் அடிமைகளாகக் கொள்ளும் உரிமையை நமது முன்னோர்களே சட்டமாக அனுபவித்தனர். 1818 இல் அவர்கள் தமது விடுதலையை விலைகொடுத்துப் பெறுவதற்கு வழிசெய்யும் பிரமாணம் வந்தது. 1844 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே இலங்கையில் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது. கப்பலில் வந்த அடிமையைப் பற்றி எழுதுகின்ற கை, வீட்டு வாசலில் நின்ற அடிமையைப் பற்றியும் எழுதத்தானே வேண்டும்.

ஆடல் முடிந்து தேநீர் பரிமாறப்பட்டபோது நடுத்தர வயதுடைய ஒரு பெண்ணுடன் உரையாடினேன். வருகின்றவர்கள் எல்லோரும் தலைமுடியைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பாடச் சொல்கிறார்கள். பிள்ளை என்ன படிக்கிறான், வேலை கிடைத்ததா என்று கேட்பவர்கள் குறைவு என்றார். அது குற்றச்சாட்டாகவன்றி, ஒரு தகவலாகவே சொல்லப்பட்டது. இத்தகைய சுற்றுலாக்களின் நன்மையும் தீமையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ளன. பார்வையாளர்கள் வருவதால் இளையவர்கள் மஞ்சாவைக் கற்கிறார்கள். கொழும்பு மேடைகளுக்கும் அழைக்கப்படுகிறார்கள். சிறு வருமானமும் கிடைக்கிறது. அதே வேளையில், ஒரு சமூகம் காட்சிப்பொருளாகிவிடும் அபாயமும் இருக்கிறது. கலப்புத் திருமணங்களால் தோற்றம் மாறிவருகிறது. அடுத்த தலைமுறையில் சுருட்டை முடியைத் தேடி வருபவர்கள் ஏமாற்றமடையக்கூடும். அப்போது அவர்கள் காப்பிரிகள் இல்லையென்று ஆகிவிடுமா?

அண்டை நாடான இந்தியாவில் சித்திகள் எனப்படும் ஆபிரிக்க வம்சாவளியினர் குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழ்கின்றனர். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் முதலமைச்சராக உயர்ந்து மொகலாயப் படைகளை எதிர்த்து நின்றவர். 1626 இல் காலமானார். கர்நாடகச் சித்திகளுக்கு 2003 இல் பழங்குடியினர் என்ற சட்ட அங்கீகாரம் கிடைத்தது. எண்ணிக்கையில் மிகக் குறைந்த புத்தளத்தவருக்கோ குடிசன மதிப்பீட்டில் ஒரு நிரல்கூட இல்லை.

லண்டன் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய இலங்கையரான கலாநிதி ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்றோர் இச்சமூகம் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதியுள்ளனர். தமிழில் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும், தமிழ் பேசும் பறங்கியருள் முதியவர்கள் சிலர் அதே போர்த்துக்கேயக் கிரியோலை இன்னும் வீட்டில் பேசுகிறார்கள். அவர்களுடைய திருமணங்களில் கபரிஞ்ஞா ஆட்டமும் உண்டு. மட்டக்களப்பில் மொழி இருக்கிறது. புத்தளத்தில் பாடல் இருக்கிறது. இரு சாராரையும் ஓர் அறையில் இருத்தி, ஒவ்வொரு பாடலாகப் பாடவைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டு ஒலிப்பதிவு செய்தால், சிரம்பியடியின் பிள்ளைகளுக்குத் தமது பாட்டிமார் என்ன பாடினார்கள் என்பது தெரியவரும். அதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. நமது பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறைகளோ மொழியியல் மாணவர்களோ ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கலாம். ஆனால் மட்டக்களப்பின் அந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.